தரைக்குக் கீழே ஒரு ஜன்னல்: கரூர்த் துணிக்கு அங்கே என்ன வேலை?

உலகத்துக்கே டி-ஷர்ட் தைத்து அனுப்பும் திருப்பூர், தன் வீட்டு ஜன்னலுக்குத் திரை வேண்டுமென்றால் பக்கத்து ஊரைத்தான் பார்க்க வேண்டும். வட்டப் பின்னல் எந்திரத்தில் இறங்கும் துணி, உடம்போடு சேர்ந்து நீளவும் சுருங்கவும் பிறந்தது. அதை ராடில் மாட்டித் தொங்கவிட்டால் தன் எடையாலேயே இழுபட்டு, ஓரம் சுருண்டு, நாளடைவில் கோணிப் போகும். ஸ்கிரீன் துணி என்பது பாவும் ஊடையுமாகத் தறியில் நெய்த துணி. அதற்குக் காங்கேயம், வெள்ளக்கோவில் வழியாகக் கிழக்கே கரூருக்குப் போக வேண்டும். அல்லது சென்னிமலை, ஈரோடு.

கரூரின் ஏற்றுமதி பெரும்பாலும் வீட்டுக்குள் விரிக்கிற, மாட்டுகிற, துடைக்கிற துணிகளால் ஆனது. படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு, சமையலறைத் துண்டு, தலையணை உறை, ஜன்னல் திரை. 1970களில் கைத்தறித் துணியோடு வெளிநாட்டுச் சந்தையைப் பிடித்த ஊர், இன்று வால்மார்ட், இகியா போன்ற பெருங்கடைகளின் அலமாரி வரைக்கும் சரக்கு அனுப்புகிறது. செக்கிங் மேசையில் ஒரு பீஸைப் பிரித்துப் பார்ப்பவருக்கு அதன் நீளம், அகலம், ஐலெட் எண்ணிக்கை, எந்தக் கடைக்குப் போகிறது என்பதெல்லாம் தெரியும். எந்த ஜன்னலில் தொங்கப் போகிறது என்பது தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை.

வாங்குகிறவருக்கு உண்டு. அதிலும் அந்த ஜன்னல் தரை மட்டத்துக்குக் கீழே இருந்துவிட்டால், மாடி வீட்டுக்குப் பொருந்துகிற அத்தனை ஆலோசனையும் தலைகீழாகிவிடும்.

அப்படிப்பட்ட ஜன்னலோடு நெடுநாள் வாழ்ந்த தமிழர்கள் டொரன்டோவில் இருக்கிறார்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கைத் தமிழர்கள் கூட்டம் கூட்டமாகக் கனடாவுக்குப் போனார்கள். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 பேரை மீனவர்கள் மீட்ட செய்தி அப்போது உலகப் பத்திரிகைகளில் வந்தது. அதற்குப் பின்வந்த ஆண்டுகளில் டொரன்டோவின் ஸ்கார்பரோவில் குடியேறிய பல குடும்பங்களுக்கு முதல் வீடு என்பது யாரோ ஒருவரின் வீட்டு பேஸ்மென்ட்தான். பிறகு சொந்த வீடு வாங்கினார்கள். வீட்டுக்கடனை அடைக்க, அதே பேஸ்மென்டைப் புதிதாக வந்தவருக்கு வாடகைக்கு விட்டார்கள். இன்று அங்கே படிக்கப் போகும் திருப்பூர், கோவை மாணவர்களில் பலரும் முதலில் இறங்குவது அந்தப் படிகளில்தான்.

அங்கிருக்கும் ஜன்னல் எப்படி இருக்கும்? கூரையை ஒட்டிய உயரத்தில், அகலம் கூடுதலாகவும் உயரம் குறைவாகவும், கண்ணாடிக்கு வெளியே புல்தரை, வேலி, பனி. சில வீடுகளில் ஜன்னலுக்கு வெளியே மண்ணைத் தோண்டி, வளைந்த தகட்டால் அணைகட்டி, ஒரு சிறு கிணறு போல விட்டிருப்பார்கள். தெருவில் நடப்பவரின் செருப்பு உள்ளே இருப்பவரின் கண்மட்டத்துக்கு மேலே போகும்.

திருப்பூரிலும் கோவையிலும் கீழ்த்தளங்கள் வேறு காரணத்துக்காக வந்தன. நிலத்தின் விலை ஏறியது. பார்க்கிங் காட்டியாக வேண்டும் என்ற விதி வந்தது. வண்டி நிறுத்தக் கட்டிய இடத்தின் ஒரு மூலையில் ஸ்டோர், இன்னொரு மூலையில் சாம்பிள் ரூம், அப்புறம் கணக்குப் பிரிவு என்று மெல்ல மெல்ல ஆட்கள் உட்காரத் தொடங்கிவிடுகிறார்கள். இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, கீழ்த்தளத்தின் கூரை சுற்றுத் தரையிலிருந்து குறைந்தது 0.9 மீட்டரும் அதிகபட்சம் 1.2 மீட்டரும் மேலே இருக்க வேண்டும் என்கிறது. அந்த இடைவெளியில் பீமுக்குப் போக, மழைத்தண்ணீர் உள்ளே வராமல் கீழே கொஞ்சம் சுவர் விட்டால், ஜன்னலுக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 2 அடி உயரம். நீளமான, குட்டையான ஒரு பட்டை. ஸ்கார்பரோ ஜன்னலுக்கும் இதற்கும் உருவத்தில் பெரிய வேறுபாடு இல்லை.

அந்தப் பட்டை ஏன் இருக்கிறது என்பதைத் திரை மாட்டுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். தீப்பிடித்தால் புகை வெளியேற, கீழ்த்தளத்தின் தரைப்பரப்பில் 2.5 சதவீதத்துக்குக் குறையாத திறப்புகள் சுற்றிலும் பரவலாக இருக்க வேண்டும் என்பதும் அதே விதித்தொகுப்பில் உள்ளது. அழகுக்காக அந்தத் திறப்புகளின் மேல் பிளைவுட் அடித்து, அதற்குமேல் ஸ்கிரீன் மாட்டி மறைத்தால், ஏ.சி. அறை கிடைக்கும், புகைக்கு வழி இருக்காது.

துணியைப் பற்றிப் பேசுமுன் தண்ணீரைப் பற்றிப் பேச வேண்டும். கீழ்த்தள ஜன்னலுக்குத் திரை வாங்கி ஏமாந்தவர்களில் பெரும்பாலோர் ஏமாந்தது நிறத்திலோ டிசைனிலோ அல்ல, ஓதத்தில். முதல் மழைக்காலம் முடிந்ததும் கீழ் ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள் பூக்கும். துவைத்தாலும் போகாது. திரையை எடுத்துப் போட்டுவிட்டு வேறு வாங்குவார்கள். அதுவும் அடுத்த ஆண்டு பூக்கும்.

ஓதம் இரண்டு வழியில் வருகிறது. மண்ணிலிருந்து சுவர் உறிஞ்சுவது ஒன்று. அறைக்குள் இருக்கும் காற்றின் ஈரம் குளிர்ந்த பரப்பில் நீராகப் படிவது இன்னொன்று. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. எது என்று கண்டுபிடிக்கச் செலவில்லாத வழி இருக்கிறது. ஜன்னலுக்குக் கீழே சுவரை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, சமையலறை அலுமினிய ஃபாயிலில் ஓர் அடிக்கு ஓர் அடி வெட்டி, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்ட வேண்டும். ஓரிரு நாள் கழித்துப் பிரித்துப் பார்த்தால், சுவரைத் தொட்ட பக்கம் நனைந்திருந்தால் ஈரம் மண்ணிலிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் காற்றிலிருந்து வருகிறது. முதலாவதற்குக் கொத்தனாரைக் கூப்பிட வேண்டும். வெளியே தரை ஜன்னலை நோக்கிச் சரிந்திருக்கிறதா, மாடித் தண்ணீர்க் குழாய் அந்த மூலையில்தான் கொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த வேலை முடியும்வரை எந்தத் திரையும் வாங்காமல் இருப்பதே லாபம்.

இரண்டாவது வகையில்தான் திரைக்கும் பங்கு உண்டு. 21 டிகிரி வெப்பமும் 50 சதவீத ஈரப்பதமும் உள்ள ஓர் அறையில், 10 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும். டொரன்டோவின் ஜனவரியில் பழைய பேஸ்மென்ட் கண்ணாடி அந்த அளவுக்குச் சாதாரணமாகக் குளிரும். குளிர் வரக்கூடாது என்று கனமான திரையை இழுத்து மூடினால், அறையின் சூடு கண்ணாடிக்குப் போய்ச் சேராது. கண்ணாடி இன்னும் குளிரும். ஈரக்காற்று மட்டும் திரையின் பக்கவாட்டிலும் கீழேயும் புகுந்து போய்விடும். காலையில் திரையை விலக்கினால் கண்ணாடியில் தண்ணீர் வழியும். சட்டத்தின் அடியில் தேங்கும். திரையின் ஓரம் அதில் ஊறும். கதகதப்புக்கு மாட்டிய திரையே பூஞ்சைக்குப் பாத்தி கட்டிக் கொடுத்த கதை.

கொங்கு நாட்டில் இது வேறு மாதிரி நடக்கும். ஐப்பசி மழையில் வெளிக்காற்று 27 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன்மேலும் அது நீராக மாறும். கீழ்த்தள சாம்பிள் ரூமில் ஏ.சி. 22-இல் ஓடிக்கொண்டிருக்கும். ஜன்னல் சட்டத்தின் சந்து வழியாக உள்ளே வரும் வெளிக்காற்று, முதலில் சந்திப்பது அந்தக் குளிர்ந்த திரையைத்தான். மழை நாளில் ‘காற்றோட்டமாக இருக்கட்டும்’ என்று ஜன்னலைத் திறந்து வைப்பது ஈரத்தை அழைத்து உட்கார வைப்பதுதான். வெயில் நாளில் திறக்க வேண்டும். மழை நாளில் மூட வேண்டும்.

இனி துணி. இங்கே இந்த வட்டாரத்துக்குக் கொஞ்சம் கசப்பான ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: கீழ்த்தள ஜன்னலுக்குப் பருத்தித் திரை பெரும்பாலும் சரிவராது.

பருத்தி வியாபாரம் பார்க்கிற யாருக்கும் காரணம் புதிதல்ல. நூல் வாங்கும்போது ஈரத்தையும் சேர்த்துத்தான் எடை போடுகிறார்கள். பருத்தி தன் உலர் எடையில் 8.5 சதவீதம் ஈரத்தை இயல்பாகவே பிடித்து வைத்திருக்கும் என்பது வணிகத்தில் ஒப்புக்கொண்ட கணக்கு. அதற்கு மேல் இருந்தால் தண்ணீருக்குக் காசு கொடுத்ததாகப் பொருள். பாலியெஸ்டருக்கு இந்தக் கணக்கு 0.4 சதவீதம். லினன் 12, சணல் 13-க்கும் மேல். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்தித் திரை ஒன்றை ஓதமான அறையில் மாட்டுவது, சுவரோரம் ஈரத்துக்கு ஒரு தொட்டி வைப்பதற்குச் சமம். பூஞ்சைக்கு உணவும் அதுவே. பருத்தியின் செல்லுலோஸைக் கரைத்துத் தின்னும் நொதி பூஞ்சையிடம் இருக்கிறது. பாலியெஸ்டரைத் தின்ன அதனால் முடியாது. பாலியெஸ்டரில் பூஞ்சை வந்தால் அது மேலே படிந்த தூசியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் தின்று வளர்வது. துவைத்தால் போய்விடும்.

பலரும் கவனிக்காத இன்னொன்று கஞ்சி. பாவு அறுந்து போகாமலிருக்க நெசவுக்கு முன் அதற்குக் கஞ்சி ஏற்றுவார்கள். சேலம், நாமக்கல் பக்கத்து மரவள்ளிக் கிழங்கு மாவும் அதற்குப் பயன்படுகிறது. ஏற்றுமதித் துணியில் பதப்படுத்தும்போதே கஞ்சியைக் கழுவி எடுத்துவிடுகிறார்கள். ஆனால் சந்தையில் மலிவாகக் கிடைக்கும், பதப்படுத்தாத கிரே துணியிலும், சில கைத்தறித் துணிகளிலும் கஞ்சி அப்படியே இருக்கும். கையில் எடுத்தால் விறைப்பாக, நல்ல கனமாகத் தெரியும். அந்தக் கனத்தில் ஒரு பங்கு மாவு. ஓதமான அறைக்கு அதைக் கொண்டுபோவது பூஞ்சைக்கு விருந்து வைப்பது. அதை மாட்டித்தான் ஆக வேண்டும் என்பவர்கள் வெந்நீரில் ஒருமுறை ஊறவைத்து அலசிவிட்டு மாட்டலாம்.

இதில் ஒரு வினோதம் உண்டு. இதே ஓதத்தைத் தேடிப் போய்க் குழி வெட்டி உட்கார்ந்தவர்கள் இந்த வட்டாரத்து நெசவாளர்கள். குழித்தறியில் நெசவாளரின் கால்கள் தரைக்குக் கீழே இருக்கும், மிதிகட்டை அங்கேதான். மண்ணின் ஈரம் பாவுக்கு இதம். வறண்ட காற்றில் படபடவென்று அறுகிற பருத்தி நூல், ஈரத்தில் வலுவாகும். புவிசார் குறியீடு பெற்ற பவானி ஜமக்காளம் அப்படிப்பட்ட தறிகளில், அகலம் கூடினால் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நெய்வது. பெரிய நூற்பாலைகளில் அதே வேலையைச் செய்ய எந்திரம் வைத்து ஈரப்பதம் ஏற்றுகிறார்கள். பருத்தி உருவாகிற வரைக்கும் ஓதம் அதற்கு நண்பன். மடித்து வைத்த மறுநாளிலிருந்து எதிரி.

அப்படியென்றால் சென்னிமலைப் பருத்தித் துணியைக் கீழ்த்தளத்தில் மாட்டவே கூடாதா? கூடும், காற்றை அடக்கி ஆள முடிந்தால். கனடா வீடுகளில் டிஹியூமிடிஃபையர் என்ற எந்திரத்தை வைத்து ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்கிறார்கள். அது 60-ஐத் தாண்டாத வரை பூஞ்சைக்குச் சிரமம்தான். ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்று ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. ஒரு மழைக்காலம் முழுக்க அது 60-க்குக் கீழே நின்றால், விரும்பிய துணியை மாட்டிக்கொள்ளலாம். நிற்காவிட்டால் பாலியெஸ்டர், அலுமினியப் பட்டை பிளைண்ட்ஸ், கண்ணாடிமேல் ஒட்டும் ஃபிலிம் ஆகியவற்றில் ஒன்று. மூங்கில் சிக்கும் சணல் பிளைண்டும் பார்க்க லட்சணமாக இருக்கும். கீழ்த்தளத்தில் பூஞ்சை முதலில் தேடிப் பிடிப்பது அவற்றைத்தான்.

துணியின் தரத்தைப் பார்க்கத் திருப்பூரில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. கம்பெனி மேசையில் வட்டமாக ஒரு வெட்டுக் கருவி இருக்கும். துணியின்மேல் வைத்து அழுத்தித் திருகினால், சரியாக 100 சதுர செ.மீ. அளவுள்ள வட்டத் துண்டு கையில் வரும். அதைத் தராசில் போட்டு, வருகிற கிராமை 100-ஆல் பெருக்கினால் ஜிஎஸ்எம். துண்டு 1.8 கிராம் என்றால் 180 ஜிஎஸ்எம். டி-ஷர்ட்டுக்குச் சரியான கனம். கடையில் ஸ்கிரீன் வாங்குகிறவர் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. ‘நல்ல ஹெவி மெட்டீரியல்’ என்ற வார்த்தையோடு திருப்தியாகிவிடுகிறார்கள். கீழ்த்தளத்துக்குக் கனம் தேவையில்லை. சின்ன ஜன்னலில் கனத்த திரை மடிப்பு மடிப்பாகக் குவிந்து, இருக்கிற வெளிச்சத்தையும் விழுங்கும். 100 முதல் 150 ஜிஎஸ்எம் பாலியெஸ்டரே தாராளம். துணி கண்ணாடியின் அகலத்தில் ஒன்றரை மடங்கு இருந்தால் போதும். வரவேற்பறைக்குச் சொல்லும் இரண்டு, இரண்டரை மடங்கு இங்கே வேண்டாம்.

நீளத்தில்தான் தவறு அதிகம் நடக்கிறது. தரைவரை தொங்கும் திரை கீழ்த்தளத்தில் வலிய வரவழைக்கும் ஆபத்து. 2013 ஜூலை 8-ஆம் தேதி டொரன்டோ பியர்சன் விமான நிலையத்தில் ஒரே நாளில் 126 மி.மீ. மழை கொட்டியபோது நகரமெங்கும் பேஸ்மென்ட்கள் நிரம்பின. தரையைத் தொட்ட துணி அத்தனையும் திரியைப் போல அழுக்குத் தண்ணீரை மேலே இழுத்துக்கொள்ளும். திரை ஜன்னல் சட்டத்துக்குக் கீழே 10 செ.மீ. இறங்கினால் போதும். அந்த 10 செ.மீ.-க்கும் காரணம் இருக்கிறது. பருத்தித் துணி முதல் சலவையில் 5 சதவீதம் சுருங்கினால், 60 செ.மீ. திரை 3 செ.மீ. குறையும். மாடி ஜன்னலின் நீளத் திரையில் கண்ணுக்குத் தெரியாத சுருக்கம், குட்டை ஜன்னலில் கீழே ஒரு வெளிச்சக் கோடாகக் காட்டிக் கொடுத்துவிடும். ராடைச் சட்டத்தின் இரு பக்கமும் 15, 20 செ.மீ. நீட்டிப் போட்டால், திரையை ஒதுக்கும்போது துணி சுவரின்மேல் போய் நிற்கும். கண்ணாடி முழுதும் வெளிச்சத்துக்குக் கிடைக்கும்.

வெளிச்சத்தையும் மறைப்பையும் ஒன்றாகப் பெறுவதுதான் இங்கே நுட்பமான வேலை. மாடியில் எதிர்வீட்டார் பார்வை நேராக வரும். கீழ்த்தளத்துக்கு அது மேலிருந்து சரிந்து வரும். தெருவில் நிற்பவரின் கண் ஜன்னலுக்கு மேலே இருப்பதால், கிடைமட்டப் பட்டைகள் கொண்ட அலுமினிய பிளைண்ட்ஸ் இந்த இடத்துக்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் பட்டைகளைத் திருப்பும் திசை முக்கியம். ஒவ்வொரு பட்டையின் உள்விளிம்பும் மேலே தூக்கி, வெளிவிளிம்பு கீழே சாய்ந்திருக்க வேண்டும். அப்போது மேலிருந்து வரும் பார்வை பட்டையின் முதுகில் முட்டி நின்றுவிடும். வெளித்தரையில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் இடுக்கு வழியாக ஏறி உள்கூரையில் விழும். கூரைக்கு வெள்ளை அடித்திருந்தால் அறை முழுக்கப் பரவும். ஜன்னலுக்கு வெளியே இருக்கும் குழியின் சுவருக்கும் வெள்ளை அடித்துவிட்டால், எந்த விலையுயர்ந்த திரையும் தராத வெளிச்சம் ஒரு டப்பா பெயின்டில் கிடைக்கும். பட்டையை எதிர்ப்பக்கம் திருப்பினால் தெருவில் போகிறவருக்குக் கட்டில் தெரியும்.

மெல்லிய நெட் துணி பகலில் மட்டுமே மறைக்கும். இரவு உள்ளே விளக்கு எரிந்தால் அது கண்ணாடிக்குச் சமம். உறைபனி போன்ற ஃபிலிம் இரவிலும் உருவத்தை மங்கலாக்கும். ஈரம் அதை ஒன்றும் செய்யாது. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் தெளித்து ஒட்டி, போகும்போது உரித்து எடுக்கிற வகையும் இருக்கிறது.

பிளாக் அவுட் துணி வேண்டியவர்கள் இரவு ஷிஃப்ட்காரர்கள். பின்னலாடைக் கம்பெனியிலும் நூற்பாலையிலும் இரவு உழைத்துப் பகலில் தூங்குகிறவர்களுக்கும், டொரன்டோவில் இரவு வேலை பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கும் இருட்டு ஒரு தேவை. சந்தையில் இரண்டு வகை உண்டு. ஒன்று, துணியின் முதுகில் அக்ரிலிக் நுரையை வெள்ளை, கறுப்பு, வெள்ளை என்று மூன்று முறை பூசியது. ஒளியை முழுதாக நிறுத்தும், ஆனால் மடிப்பு விழுந்த இடத்தில் பூச்சு நாளடைவில் வெடிக்கும். இன்னொன்று, நடுவில் கறுப்பு நூல் வைத்து அடுக்கு நெசவாக நெய்த பாலியெஸ்டர். துவைக்கலாம், ஆனால் முழு இருட்டு வராது. கடையிலேயே செல்போன் டார்ச்சைத் துணிக்குப் பின்னால் பிடித்துப் பார்த்தால் எது எது என்று தெரிந்துவிடும். ஓதமான அறைக்கு இரண்டாவது வகைதான் நல்லது.

இதுவரை சொன்னதில் தவறினால் நட்டம் சில ஆயிரம் ரூபாய். கயிற்றிலும் கம்பியிலும் தவறினால் உயிர்.

கீழ்த்தள ஜன்னல் உயரத்தில் இருப்பதால் பிளைண்ட்ஸை இழுக்கும் கயிறு நீளமாகத் தொங்கும். கட்டிலை அந்த ஜன்னலுக்குக் கீழேதான் போடுவார்கள். சின்னக் குழந்தை கட்டிலில் ஏறி விளையாடும்போது கயிற்று வளையம் கழுத்தில் மாட்டி இறந்த சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. கனடா 2019-இல் கொண்டுவந்த விதிகள், குழந்தையின் கைக்கு எட்டும் கயிறு 22 செ.மீ.-க்கு மேல் நீளக் கூடாது, வளையத்தின் சுற்றளவு 44 செ.மீ.-க்கு மேல் போகக் கூடாது என்கின்றன. இகியா 2016 முதல் கயிறில்லாத பிளைண்ட்ஸ் மட்டுமே விற்பதாக அறிவித்தது. நம் ஊர்க் கடைகளில் இன்னும் நீளக் கயிறும் மணிச்சங்கிலியும்தான் சாதாரணம். கயிற்றுக்குப் பதில் நீளமான கைக்கம்பி வைத்துத் தரச் சொல்லிக் கேட்டு வாங்கலாம். சங்கிலிதான் கிடைக்கும் என்றால், அதைச் சுவரில் இறுக்கிப் பிடிக்கும் கிளிப்பையாவது கட்டாயம் அடிக்க வேண்டும்.

அடுத்தது, வெளியேறும் வழி. கனடாவின் கட்டட விதிப்படி, தூங்கும் அறையின் ஜன்னல் சாவியோ கருவியோ இல்லாமல் உள்ளிருந்து திறக்க வேண்டும். திறப்பின் பரப்பு குறைந்தது 0.35 சதுர மீட்டர். எந்தப் பக்கமும் 380 மி.மீ.-க்குக் குறையக் கூடாது. ஓர் ஆள் உடம்பைக் குறுக்கி வெளியே போகிற அளவு. அமெரிக்காவில் பின்பற்றும் விதி இன்னும் தாராளம்: 5.7 சதுர அடி. இந்த ஜன்னலுக்கு மாட்டும் எதுவும் இருட்டில், ஒரு கையால், ஒரே இழுப்பில் விலக வேண்டும். சட்டத்தோடு திருகாணி போட்டு இறுக்கிய பிளைண்ட்ஸ், ஒட்டி வைத்த தெர்மாகோல், பூட்டிய பெட்டித் திரை எல்லாம் இங்கே கூடாது.

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சே எழுவதில்லை. காரணம், நம் ஜன்னலில் இரும்புக் கம்பி இருக்கிறது. திருடனுக்குப் போட்ட கம்பி உள்ளே இருப்பவரையும் நிறுத்தும். வெளியேறும் அவசரம் வெள்ளத்திலும் வரலாம்: 2024 ஜூலை 27-ஆம் தேதி டெல்லி ஓல்டு ராஜேந்தர் நகரில், பயிற்சி மையம் ஒன்றின் கீழ்த்தள நூலகத்தில் மழைவெள்ளம் புகுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். கீழ்த்தளத்தில் ஆட்களை உட்கார வைக்கிற கம்பெனி எதுவானாலும், திரைக்குக் கொட்டேஷன் வாங்குமுன் குறைந்தபட்சம் ஒரு ஜன்னலின் கிரில்லுக்காவது உள்ளிருந்து திறக்கிற கீல் வைக்க வேண்டும். திரைக்காரரை அழைக்குமுன் வெல்டிங் பட்டறைக்காரரை அழைப்பது நல்லது.

கரூர்க்காரர்களுக்கு இதிலெல்லாம் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. உலகத்தில் உற்பத்தியாகும் இழைகளில் பாதிக்கு மேல் இன்று பாலியெஸ்டர். இந்த வட்டாரமோ பருத்தியில் ஊறியது. தறி, சாயம், ஆள், அனுபவம் எல்லாமே பருத்திக்குப் பழகியவை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கான கூடுதல் வரியை 50 சதவீதமாக்கியபோது, திருப்பூரும் கரூரும் ஒரே வாடிக்கையாளரையும் ஒரே இழையையும் நம்பியிருப்பதன் கஷ்டத்தை ஒன்றாக உணர்ந்தன. அடுத்த மாதம், செப்டம்பர் 22 முதல், செயற்கை இழைக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்தும் செயற்கை நூலுக்கானது 12 சதவீதத்திலிருந்தும் 5 சதவீதமாகக் குறைந்தது. செயற்கை இழைக்கு மாறத் தயங்கியவர்கள் சொல்லிவந்த காரணங்களில் ஒன்று அத்தோடு போயிற்று. ஓதம் தாங்கும், கயிறில்லாத, குட்டை ஜன்னலுக்கென்றே அளவெடுத்த திரை என்பது பெரிய தொழில்நுட்பம் அல்ல. பேஸ்மென்ட் ஜன்னலுக்கு 84 அங்குல நீளத் திரையை வாங்கிவந்தால் பாதியை வெட்டித் தைத்துத்தான் மாட்ட வேண்டும். அந்தப் பாதிக்கும் சேர்த்துத்தான் விலை.

உள்ளூர்க்காரருக்கு இன்னும் சுலபம். ஈரோட்டு வாரச் சந்தையில் பன்னா (துணியின் அகலம்) பார்த்து மீட்டர் கணக்கில் துணி எடுத்து, தெருமுனைத் தையற்காரரிடம் கொடுத்தால் சரியான அளவில் கிடைத்துவிடும். ஓரம் அடிக்கப் பருத்தி நூலுக்குப் பதில் பாலியெஸ்டர் நூல் போடச் சொல்ல வேண்டும். துணி நன்றாக இருந்தும் தையல் மட்டும் இற்றுப் பிரிவதை அது தடுக்கும். ராடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது அலுமினியம். முலாம் பூசிய இரும்பு ராடு இரண்டு மழையில் துருப்பிடித்து, ஐலெட்டைச் சுற்றிப் பழுப்பு வட்டம் போட்டுவிடும்.

இவ்வளவும் பார்த்த பிறகு, திருப்பூர்க் கீழ்த்தளம் ஒன்றுக்கு எதை மாட்டலாம் என்று ஒரே பதில் கேட்டால், அது கரூரிலிருந்தே வருகிறது. ஆனால் ஸ்கிரீன் துணிப் பிரிவிலிருந்து அல்ல. கரூரின் இன்னொரு பெரிய சரக்கு கொசுவலை. பாலிஎத்திலீன் இழையில் பின்னிய அந்த வலை ஈரத்தை உறிஞ்சாது, பூஞ்சைக்கு உணவாகாது, காற்றை விடும். தரையை ஒட்டிய ஜன்னலுக்குக் கொசுவும் பூரானும் வராமல் தடுப்பதும் ஒரு வேலைதானே. புகைத் திறப்பு தவிர்த்த ஜன்னல்களில், சட்டத்தின் நான்கு ஓரமும் வெல்க்ரோ பட்டை ஒட்டி, அளவாக வெட்டிய வலையை அதில் பதித்து, கண்ணாடிக்கு உறைபனி ஃபிலிம் ஒட்டிவிட்டால், பகல் வெளிச்சம், மறைப்பு, காற்று மூன்றும் கிடைக்கும். அவசரத்தில் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் முழு வலையும் கையோடு வந்துவிடும். மாதம் ஒருமுறை கழற்றிக் குழாயடியில் அலசி, உதறி, அரைமணி நேரத்தில் திரும்ப ஒட்டிவிடலாம். வெல்க்ரோவின் கொக்கிப் பக்கத்தைச் சட்டத்தில் ஒட்டி, மெத்தைப் பக்கத்தை வலையில் வைத்துத் தைக்கச் சொல்ல வேண்டும். மாற்றித் தைத்தால் அலசும்போது வலையின் கண்ணிகள் கொக்கியில் மாட்டிக் கிழியும்.